சனிக்கிழமை பறக்காத விமானம்

துன்
29.08.2010

அன்புத் தம்பி தவத்துக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் மதுஜாவும் சுகம். அத்தானுக்கு முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை. அங்கே நீ, சிவகலா, பிள்ளைகள் அபிசன், வேணுகா எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? வேணுகாவுக்கு முன்பல் விழுந்ததா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் கேட்டால் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றுவிட்டு வைத்துவிடுவாய். எழுதினால் அது நிற்கும். இந்த விஷயத்துக்கென்று கடிதங்கள் கோத்து வைக்க ஒரு புது ஓர்ட்னர் வாங்கி, அதன் முதுகில் "மதுஜா கலியாணம்" என்று ஒட்டி அலுமாரியில் வைத்திருக்கிறேன். நீ எழுதுவதெல்லாம் துளை போட்டு அதற்குள்தான் போகும்.

விஷயம் இதுதான். கோயில் திருவிழாவில் எம்மன்புரூக்கேயில் இருக்கிற பரமேஸ்வரி அக்காவைச் சந்தித்தேன். அவவின் மகன் நிலக்ஷன், இருபத்தொன்பது வயது, இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருக்கிறார். சின்னச் சுழல்விசிறி விமானங்கள் வைத்திருக்கும் ஒரு கம்பனியில் வேலை. விமானம் ஓட்டுவதில்லை. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் எந்த விமானம் எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் போவது என்று அட்டவணை போடுகிறவராம். மதுஜா இரண்டு மாதமாக அவரோடு ஸ்கைப்பில் கதைக்கிறாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. அதுதான் எனக்குப் பயம்.

குடியில்லை, கடனில்லை, சொந்த வீடு. குறையே இல்லாத மாப்பிள்ளை என்றால் குறையை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் நான் எடுப்பேன். இருபது வருடமாக இந்தச் சுவிஸில் ஏரிக்கரை ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவள் நான். ஒருவர் என்று பதிந்த அறையில் ஈரத்துவாய் இரண்டு கிடந்தால் எனக்குத் தெரியும்.

அயர்லாந்தில் உன்னுடைய கோர்க்கிலிருந்து பிரிஸ்டல் ஒரு மணி நேரப் பறப்பாம். பெண்ணின் தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு நேரே போ. வாசலில் எத்தனை சோடி சப்பாத்து, குளியலறையில் எத்தனை துவாய், எத்தனை பல் துலக்கி, குளிர்பெட்டிக்குள் என்ன, எல்லாம் பார். சிவகலாவையும் கூட்டிக்கொண்டு போ. ஆம்பிளைகளின் கண் வாசற்படியோடு நின்றுவிடும்.

எல்லாம் சரிவந்தால் வாற ஆனியில் கலியாணம். மதுஜா பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டுக்கு நீ தண்ணீர் வார்த்தாய், சிவகலா ஆலத்தி எடுத்தாள். கலியாணத்துக்கும் அவள்தான் எடுக்க வேண்டும். மாமனும் மாமியும் சோடியாக வந்து நில்லுங்கள்.

இப்படிக்கு,
அன்பு அக்கா
யசோதரா


கோர்க்
26.09.2010

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் கடவுளை வேண்டுகிறேன். அத்தானை முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லுங்கள். வேணுகாவுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது.

பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். வேலை கூட. சிவகலாவுக்கும் வேலை. பையனைப் பார்க்கப் போவது பெரிய விஷயமில்லை. வெள்ளி பின்னேரம் 6.40க்கு இங்கே ஏறினால் 7.50க்குப் பிரிஸ்டல். ஞாயிறு பின்னேரம் 5.55க்குத் திரும்பலாம். இறக்கை மேலே இருக்கும் விமானம் என்றபடியால் யன்னலால் கடல் முழுக்கத் தெரியும். வலப்பக்கம் இருந்தால் வெயில் கண்ணில் அடிக்காது. ஒக்டோபர் முடிய ஒரு நாள் போய்ப் பார்த்து எழுதுகிறேன். அவசரப்பட வேண்டாம் அக்கா. விசாரிக்க வெளிக்கிட்டால் அவர்களும் எங்களை விசாரிப்பார்கள்தானே?

மதுஜாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தம்பி
தவச்செல்வன்


துன்
10.10.2010

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் நால்வரும் சுகமா?

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். இரண்டு விஷயம் தொண்டையில் முள்ளுப்போல நிற்கிறது.

ஒன்று, நீ எப்போதும் கடிதம் எழுதினால் அடியில் சிவகலா தன் கையால் "மச்சாளுக்கு" என்று இரண்டு வரி போடுவாள். இந்த முறை இல்லை. என்னோடு கோபமா? ஆலத்தி எடுக்கக் கேட்டது குறையா?

மற்றது, பிரிஸ்டலில் உனக்கு ஒருவருமில்லை. எங்கே இருந்தால் வெயில் அடிக்காது என்பதுவரை எப்படித் தெரியும்? எங்கள் கலியாணநாளையே மறந்துவிட்டு அடுத்த நாள் போன் எடுக்கிற ஆள் நீ!

அது கிடக்கட்டும். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. போன கிழமை மதுஜா ஸ்கைப்பில் தன் சாமத்தியவீட்டுப் படங்களை அந்தப் பிள்ளைக்குக் காட்டியிருக்கிறாள். நீ தண்ணீர் வார்க்கும் படம் வந்ததும் அவர், "உங்கட மாமா கோர்க்கிலயோ இருக்கிறார்?" என்று கேட்டாராம். ஓம் என்றதும் பேச்சை மாற்றிவிட்டாராம். கோர்க் என்றதும் ஒருவர் ஏன் பேச்சை மாற்ற வேண்டும்? அவரின் கம்பனி விமானம் அங்கே வந்து போகிறது. அங்கே அவருக்கு ஆரோ இருக்கிறாள் என்று என் மனம் சொல்கிறது. அத்தான் சிரிக்கிறார். "உனக்கு நிழலைக் கண்டாலும் ஆளைத் தேடோணும்" என்கிறார். சிரிக்கட்டும். பெண்ணைக் கொடுத்தபின் அழுகிறவள் நான்தானே.

கோர்க்கிலும் கேட்டுப் பார். கெதியாக எழுது.

இப்படிக்கு,
அக்கா


கோர்க்
21.11.2010

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

நவம்பர் 13, சனிக்கிழமை காலை 9.20 விமானத்தில் பிரிஸ்டல் போய் அன்று பின்னேரமே திரும்பினேன். வேணுகாவுக்குக் காய்ச்சல் என்றபடியால் சிவகலா வரவில்லை. பையனின் வீடு துப்புரவு. வாசலில் ஒரு சோடி சப்பாத்து. குளியலறையில் ஒரு துவாய், ஒரு பல் துலக்கி. குளிர்பெட்டிக்குள் பால், முட்டை, கறிவேப்பிலை. மரியாதையான பிள்ளை. கோர்க்கிலும் விசாரித்தேன், ஒன்றுமில்லை. என் மனதுக்குப் பூரண திருப்தி. தாமதிக்காமல் பேசி முடியுங்கள்.

சிவகலாவும் பிள்ளைகளும் உங்களைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தவச்செல்வன்


துன்
05.12.2010

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று இனி எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

நான் கேட்ட பட்டியலை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதியிருக்கிறாய். சப்பாத்தா, ஒன்று. துவாயா, ஒன்று. தனியாக இருக்கிற ஆம்பிளை வீட்டில் ஒரே ஒரு துவாயாம்! அப்போதே உன் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்தேன்.

அந்தப் பிள்ளை மதுஜாவுக்குத் தான் போட்ட அட்டவணை என்று ஒரு மடித்த அட்டை அனுப்பியிருந்தார். மற்றப் பெடியன்கள் பூ அனுப்புவார்கள், இவர் குளிர்கால அட்டவணை அனுப்புகிறார். நேற்று அதை மேசையில் கண்டேன். கிழமைகளுக்கு இலக்கம் போட்டிருக்கிறது. திங்கள் 1, ஞாயிறு 7. கோர்க் – பிரிஸ்டல் வரியில் 1, 5, 7 மட்டும். ஆறு இல்லை. ஒக்டோபர் 31க்குப் பிறகு சனிக்கிழமை விமானமே இல்லை, தவம்!

இந்த நாட்டில் 10.02 என்றால் பஸ் 10.02க்குத்தான் வரும். இருபது வருடமாக அந்த அட்டவணையை நம்பித்தான் நான் வீட்டை விட்டு இறங்குகிறேன். அட்டவணை பொய் சொல்லாது. அப்படியென்றால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நீதான்.

மதுஜாவைக் கொண்டு அவரிடமே கேட்பித்தேன், மாமா வந்தவரோ என்று. வந்தார் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "அதை மாமாவிட்டயே கேளுங்கோ" என்றாராம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் ஒளிக்கிறீர்கள். அவரைப் பற்றி எதை அறிந்தாய்? அறிந்தும் ஏன் "பேசி முடியுங்கள்" என்கிறாய்? மதுஜா உன் மடியில் வளர்ந்தவள். அவளைக் கிணற்றில் தள்ளச் சொல்கிறாயா?

உடனே எழுது.

யசோதரா


துன்
16.01.2011

தவத்துக்கு,

ஆறு கிழமையாகப் பதில் இல்லை. நேற்றுப் பொங்கல். வாழ்த்துச் சொல்ல எடுத்தால் நீ கைபேசியைத் தூக்கவில்லை, உன் வீட்டுப் போனுக்கு எடுத்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லையாம். சிவகலாவின் கைபேசிக்கு எடுத்தேன். "ஓம் மச்சாள், எல்லாரும் சுகம்" என்றாள். பின்னால் அபிசனின் குரல் கேட்டது. "அப்பா இந்த வெள்ளி வாறவரோ?" என்று கேட்டான். உடனே அவள் "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கு வெள்ளி வீட்டுக்கு வருகிற தகப்பனா நீ? மற்ற நாள் எங்கே இருக்கிறாய்? ஆரோடு? நான் மாப்பிள்ளை வீட்டானைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, என் வீட்டு அறையில் இரண்டு துவாய் கிடக்கிறதோ?

பரமேஸ்வரி அக்காவிடம், "பேச்சைக் கொஞ்சம் நிப்பாட்டி வைப்பம்" என்று சொல்லிவிட்டேன். அவ காரணம் கேட்கவில்லை, முகம் சுருங்கியது. மதுஜா என்னோடு கதைப்பதில்லை. பேர்ணில் சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். "அம்மா, நீங்கள் ஒருத்தரையும் நம்பமாட்டீங்கள், அதுக்கு நான் என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளின் கட்டிலை ஒவ்வொரு நாளும் விரித்து வைக்கிறேன். ஹோட்டல் அறைபோலச் சுருக்கமில்லாமல் அப்படியே கிடக்கிறது.

அக்கா


பிரிஸ்டல்
30.01.2011

மதிப்புக்குரிய அன்ரிக்கு,

வணக்கம். நான் நிலக்ஷன். நீங்களும் அங்கிளும் சுகமா? நான் சுகம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். பிழை இருந்தால் மன்னியுங்கள்.

பேச்சு நின்றுவிட்டது என்று மதுஜா அழுதா. காரணம் என் ஒரு வார்த்தை என்றும் சொன்னா. அதனால் எழுதுகிறேன்.

மாமா என் வீட்டுக்கு வரவில்லை. முதலில் இதை நான் சொல்லவில்லை. வந்தார் என்றால் நான் பொய்யன். வரவில்லை என்றால் அவர் உங்களுக்கு முன்னால் பொய்யன். அதனால்தான் அவரிடம் கேட்கச் சொன்னேன். ஆனால் அவரை எனக்கு முகம் தெரியும். மதுஜா காட்டிய படத்தில் கண்டுபிடித்தேன். எப்படித் தெரியும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அது என் கதை இல்லை. என் அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. அவரைப் பற்றிக் கெட்டது ஒன்றும் என்னிடம் இல்லை.

உங்களுக்கு என்னைப் பற்றி என்ன தெரிய வேண்டுமோ கேளுங்கள். என் வீட்டைத் திறந்து பார்க்கத் திறப்பை அனுப்பவும் சம்மதம். துவாய்க் கணக்கையும் மதுஜா சொன்னா, என்னிடம் துவாய் ஏழு இருக்கிறது.

இத்துடன் புதிய கோடை அட்டவணை வைத்திருக்கிறேன். கோர்க் விமானம் மே முடிவோடு நிற்கிறது. ஆட்கள் காணாது என்று மேலிடம் முடிவெடுத்துவிட்டது. வெள்ளியும் ஞாயிறும் மட்டுமாவது விடுங்கள் என்று இரண்டு தரம் எழுதிக் கேட்டேன். சரிவரவில்லை. இதை மாமாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து நீங்கள் சொல்லுங்கள்.

பணிவுடன்,
நிலக்ஷன்


துன்
04.02.2011

தவம்,

சுகம் விசாரிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கடிதத்தின் பிரதி இத்துடன் இருக்கிறது. ஒரு விமானம் நிற்பதை உன்னிடம் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லையாம். அந்த விமானத்துக்கும் உனக்கும் என்ன? ஒரு வரி எழுது. பொய் என்றால் எழுதாதே.

அக்கா


கோர்க் விமான நிலையம்
13.02.2011

அக்கா,

சுகம் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சிவகலாவும் பிள்ளைகளும் என்னோடு இல்லை. 2009 ஓகஸ்டிலிருந்து பிரிஸ்டலில் அவளின் தமக்கை தயாநிதி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். நான் இரண்டு வெள்ளிக்கு ஒருமுறை 6.40 விமானத்தில் போய், ஞாயிறு 5.55க்குத் திரும்புகிறேன். வேறு ஒருத்தியும் இல்லை அக்கா. குடியும் இல்லை. கை நீட்டியதும் இல்லை. நீங்கள் நினைப்பதைவிடக் கேவலமான விஷயம்.

2009 தை மாதம் எங்கள் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு வேறு வேலை கிடைத்துவிடும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். தொழிற்சாலை மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு காலை ஏழு பத்து பஸ்ஸில் ஏறி விமான நிலையத்துக்கு வந்து இருந்தேன். சூடாக இருக்கும், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எல்லோரும் யாரையோ காத்திருப்பதாகத்தான் நினைப்பார்கள். சனிக்கிழமைகளிலும் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறு மாதம். அந்த அறிவித்தல் பலகை முழுவதும் எனக்கு மனப்பாடம்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை தயாநிதி அக்கா பிரிஸ்டலிலிருந்து வந்தா. அவவைக் கூட்டிப்போக சிவகலா பிள்ளைகளோடு விமான நிலையத்துக்கு வந்தாள். வரப்போவதை எனக்குச் சொன்னவள்தான். எந்த நாள் என்று நான் காதில் வாங்கவில்லை. விமானம் நேரத்துக்கு வந்தது. நான் மேல்சட்டையோடு, அவள் கட்டித் தந்த சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அபிசன்தான் முதலில் கண்டான். "அப்பா, நீங்களும் பெரியம்மாவைப் பாக்கவோ வந்தனீங்கள்?" என்று ஓடி வந்தான்.

அவள் சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். "வேலை போனது குற்றமில்லை. ஆறு மாசம் விடிய அஞ்சு மணிக்கு என்னை எழும்பி சோறு கட்ட விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டீங்களே, அதுதான் ஏலாது." அடுத்த மாதம் போய்விட்டாள். இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. அது உண்மை. வேண்டுமென்றால் கடிதம் வாங்கி அனுப்புகிறேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? மாமன் வீடு பிரிந்து கிடக்கிறது என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் மதுஜாவைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். பையன் அதே ஊரில் இருக்கிறான். அவன் வீட்டுக்குப் போனால் நான் ஏன் அங்கே வந்து போகிறேன் என்று சொல்ல வேண்டிவரும். அதனால் வெள்ளியைத் தொடாமல் ஒரு சனிக்கிழமையைச் சோடித்தேன். 9.20 நான் அந்தப் பலகையில் பார்த்த நேரம்தான். அது கோடைப் பலகை என்பதை மறந்துவிட்டேன். சனிக்கிழமைகளில் நான் பிள்ளைகளோடு நீச்சல் தடாகத்தில் நிற்பேன். விமானம் ஓடுகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிரிஸ்டல் வாசலில் பிள்ளைகள் ஓடி வந்து கட்டிப்பிடிக்கிற நேரத்தில், கம்பனி அட்டை தொங்கவிட்ட ஒரு தமிழ்ப் பெடியன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு நிற்பான். சிரிப்பான். ஒரு நாள் "அண்ணை, இண்டைக்கு நாலு நிமிசம் பிந்திப்போச்சு, மன்னியுங்கோ" என்றான். அந்தப் பெடியன்தான் நிலக்ஷன் என்று நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்துத்தான் தெரியும்.

மே மாதத்துக்குப் பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

தவம்


துன்
18.02.2011

என் அன்புத் தம்பிக்கு,

கடிதம் இன்றுதான் வந்தது, இன்றே எழுதுகிறேன். அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன், மை கலைந்திருந்தால் அதுதான்.

உன்மேல் எனக்குக் கோபம் அடங்கவில்லை. எனக்கும் சொல்லாமல் இரண்டு வருடம்! நான் ஒவ்வொரு கடிதத்திலும் "நால்வரும் சுகமா" என்று கேட்க, நீ "நாங்கள் எல்லோரும் சுகம்" என்று எழுதியிருக்கிறாய். ஆனால் சப்பாத்தும் பல் துலக்கியும் எண்ணச் சொன்ன எனக்கு, உன் வீட்டில் சப்பாத்து குறைந்தது தெரியவில்லையே. என் கண்ணெல்லாம் அடுத்த வீட்டில்தான் இருந்தது. அதற்கு நீ மட்டும் குற்றவாளி இல்லை.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்தப் பிள்ளை ஒக்டோபரிலேயே எல்லாம் தெரிந்துகொண்டு, பெற்ற தாய்க்கும் சொல்லாமல், தன் கலியாணப் பேச்சு நின்றபோதும் வாயைத் திறக்கவில்லை. நான் அவனை விசாரிக்க உன்னை அனுப்பினேன். உன்னை வைத்தே அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிட்டது.

பரமேஸ்வரி அக்காவுக்கு நானே போன் எடுத்து எல்லாம் சொல்லிவிட்டேன். இனி ஒளிப்பதற்கு என்னிடம் சத்து இல்லை. முழுக்கக் கேட்டா. பிறகு, "எங்கட வீட்டிலயும் ஒரு கதை இருக்கு யசோ, கலியாணம் முடியச் சொல்லுறன்" என்றா. என்ன கதை என்று இப்போதே விசாரிக்கக் கை துருதுருக்கிறது. அத்தான் போனை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார்.

கேள்விப்பட்டு மதுஜா பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். நிலக்ஷனுக்கு எழுதினால் ஒன்று சொல், இனி அன்ரி என்று எழுத வேண்டாம், மாமி என்று எழுதட்டும்.

சிவகலாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன். உனக்காக வாதாட இல்லை. மன்னிப்புக் கேட்க.

அன்பு அக்கா
யசோதரா


பிரிஸ்டல்
20.03.2011

அன்பு மச்சாளுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம் என்று எழுதுகிறேன். அண்ணையின் முழங்கால் எப்படி?

நீங்கள் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. உங்கள் கடிதங்கள் ஒவ்வொன்றையும் அவர் இங்கே கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினவர். வாசித்து முடிய, அடியில் இரண்டு வரி போடச் சொல்லித் தன் பதிலை நீட்டுவார். "உண்மையை எழுதுங்கோ, அப்ப போடுறன்" என்பேன். "அடுத்த முறை" என்பார். பொய்க் கடிதத்தில் என் கையெழுத்து வேண்டாம் என்றுதான் போடவில்லை. உங்களோடு கோபமில்லை.

பெப்ரவரியில் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் பிரதியை என்னிடம் தந்தார். சோற்றுப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தார். அன்றைக்கு நான் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதியிருந்தார். காதில் விழவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மதுஜாவுக்கு ஆலத்தி எடுக்க வருவேன். அது மதுஜாவுக்காக. சோடியாக நிற்கச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். அதை நான் இன்னும் யோசிக்கவில்லை.

அன்புடன்,
சிவகலா


துன்
08.06.2011

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வீடு முழுக்கப் பலகாரப் பெட்டி. நிலக்ஷன் தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த அன்றே எங்கள் பஸ் தரிப்பிடத்தில் நின்று அட்டவணையை அரை மணி நேரம் வாசித்தாராம். எனக்கேற்ற மருமகன்.

விமானம் நின்ற முதல் வெள்ளி நீ கப்பலில் போனாய் என்று கேள்வி. அபிசன் போனில் சொன்னான்: "அப்பா வெள்ளி வரேல்லை மாமி, சனி விடியத்தான் வந்தவர். அம்மாதான் எங்களை பஸ் ஸ்ராண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவ." அம்மாவா என்று இன்னொருமுறை கேட்டேன். ஓம் என்றான். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பேன் என்று.

இப்போது கவனமாக வாசி. 16ஆம் திகதி வியாழன் நீ டப்ளினால் வந்து 12.25க்குச் சூரிச்சில் இறங்குகிறாய். சிவகலாவும் பிள்ளைகளும் 1.10க்கு இறங்குகிறார்கள். இரண்டு விமானமும் வியாழனில் உண்டா என்று நாலாம் இலக்கத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டேன். வெளியே வந்து அவர்களுக்காகக் காத்து நில். இந்த முறை நீ உண்மையாகவே ஆரையோ காத்துத்தான் விமான நிலையத்தில் நிற்கிறாய்.

அங்கிருந்து பேர்ணுக்கு ஒன்றேகால் மணி நேர ரயில். இந்த நாட்டில் ஒருவரும் செய்யாத வேலை செய்து, இருக்கை பதிந்திருக்கிறேன். நாலு இருக்கை, நடுவில் ஒரு மேசை. சீட்டுகள் இத்துடன். சிவகலாவுக்கு ஒளிக்கவில்லை, போனில் சொல்லிவிட்டேன். "பிள்ளையளுக்கு யன்னல் பக்கம் எடுத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். எடுத்திருக்கிறேன். ஆகவே நீயும் அவளும்தான் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு வழியில்லை.

அட்டவணை போடுவதோடு என் வேலை முடிந்தது. அந்த ஒன்றேகால் மணி நேரமும் நீதான் கதைக்க வேண்டும். வெயிலைப் பற்றி இல்லை.

"மதுஜா கலியாணம்" ஓர்ட்னரில் உன் கடிதங்களில் மூன்றாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கழற்றிக் கிழித்துவிட்டேன். இந்த முறை உன் சுகத்தைக் கடிதத்தில் கேட்கவில்லை. நேரில் வந்து சொல். வாசலில் எத்தனை சோடி சப்பாத்து என்று எண்ணிக்கொண்டு நிற்பேன்.

உன் அக்கா
யசோதரா